பெத்தேல் குடியிருப்பில் ஓராள் சோறு குறைந்த வருஷம்

எங்கள் பெத்தேல் குடியிருப்பில் எந்த வீட்டில் எவ்வளவு பொங்கினாலும் ஓராள் சோறு குறைய ஆரம்பித்தது, கோயில் கமிட்டி பிடியரிசியை நிறுத்திய அந்த ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்துதான் என்று இப்போது எல்லாரும் நாள் கிழமையோடு சொல்லுகிறார்கள், ஆனால் அன்றைக்கு அது ஊரில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தக் குறைந்த ஓராள் எல்லா வீட்டிலும் கடைசியாகச் சாப்பிடுகிறவளாக இருந்தாள், அவள் வாயைத் திறக்கவில்லை.

பிடியரிசி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது வீட்டு ஆட்களுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புப் பக்கத்தில் இருக்கிற கோயில் டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் வந்து சாக்கில் தட்டிக்கொண்டு போவார்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தச் சாக்கை ஏலம் விடுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, கிறிஸ்துமசுக்கு வாங்கி மிஞ்சின பிரியாணி அரிசி எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். பொங்கினால் பாதி குழையும், பாதி கல்லாக நிற்கும், கோழி வளர்க்கிறவர்களைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் கமிட்டிச் செயலராகிய என் மாமனார் தங்கையாவும், கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற என் வீட்டுக்காரர் ஜெயசிங்கும் கூடிப் பேசி, இனிமேல் டப்பா வேண்டாம், ஸ்கேன் பண்ணிக் காணிக்கை போடுகிற அட்டையைத் தூணில் ஒட்டுவோம், ஆராதனையையும் செல்போனில் நேரலையாகப் போடுவோம், மஸ்கட்டிலும் பெங்களூரிலும் இருக்கிற நம் ஆட்கள் பார்க்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டது நான்தான். இரண்டு மாசக் கைக்குழந்தையை வைத்திருக்கிறவளுக்கு ஒரு வேலை குறைந்தால் அதுவே பெரிய உபகாரம். கோயில் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் உளுந்தம்பருப்பைக் கொட்டிவைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று டம்ளர் அரிசி போட்டேன். மாமாவுக்குப் போட்டேன், இவருக்குப் போட்டேன், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் செர்லினுக்குப் போட்டேன், எனக்குப் போடப் பானையைச் சரித்தால் அடியில் ஒட்டின பருக்கைதான் இருந்தது. சரி, இவருக்கு இன்றைக்குப் பசி அதிகம் போல என்று நினைத்து பழைய சோற்று நீத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் நாலு டம்ளர் போட்டேன், யாரும் ஒரு கரண்டி கூட அதிகம் தின்னவில்லை, பானையில் அதே பருக்கை. ஐந்து டம்ளர் போட்டேன், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதே பருக்கை. இட்லி பதினாறு ஊற்றினேன், எடுத்து வைக்கும்போது பதினாறுதான், ஆளுக்கு நாலு தின்று எழுந்தபோது சட்டியில் துணி மட்டும் கிடந்தது. பரோட்டா பார்சல் வாங்கி வரச் சொன்னால் அதிலும் அப்படியே. பானையை மாற்றினேன், கடையை மாற்றினேன், புருஷனை மாற்ற முடியாது, அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இதை வெளியில் சொல்லலாமா? நாலு பேருக்குச் சோறு கணக்காய் வைக்கத் தெரியாத பெண்பிள்ளை என்றல்லவா பெயர் வரும். அப்படி நினைத்துத்தான் நான் பேசாமல் இருந்தேன், அப்படி நினைத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் பேசாமல் இருந்தார்கள், நாற்பது நாள் ஒரு ஊர்ப் பெண்கள் முழுக்க அரைவயிற்றோடு சிரித்துச் சிரித்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். என் மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். பால் வரத்துக் குறைந்ததும் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு என்னை உதைத்து அழுதான். டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தால் என் முகத்திலேயே துப்பினான்.

விஷயம் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் சங்கத்தில். ஐயரம்மா, அதாவது எங்கள் பாஸ்டரின் மனைவி, ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வைத்துவிட்டு ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார்கள். திறந்தபோது தட்டு காலி.

"ஐயரம்மா, வேற பாக்கெட் இருக்கா?" என்று கேட்டது பால்பண்ணை லில்லி அக்கா. சேலையில் மூன்று மடிப்புக் கொசுவம் வைக்கிற அக்காவுக்கு அன்றைக்கு ஐந்து மடிப்பு வந்திருந்தது.

"என்னக்கா இப்பிடி எளைச்சிட்டீங்க, சுகர் வந்துட்டா?" என்றேன்.

"சுகரும் இல்ல, உப்பும் இல்ல. சோறு பத்தல, போதுமா?"

அக்கா காலித் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு எல்லாரும் பேசினார்கள்.

"ஒங்களுக்குமாக்கா?"

"நான் எங்க அத்தான் திருட்டுத்தனமா ரெண்டாந்தடவ திங்காகன்னுல்லா அவுகளக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருக்கேன்!"

"நான் பூனைய அடிச்சே தொரத்திட்டேன், பாவம்."

ஐயரம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்லயும் அப்பிடித்தான். ஐயர்ட்ட சொன்னேன். உபவாசம்னு நெனச்சுக்கோ, ஆசீர்வாதமா இருக்கும்னுட்டாங்க" என்றார்கள். அதற்குச் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு மறுபடியும் பசித்தது.

மறுநாள் மத்தியானம் நான் எனக்கு முதலில் போட்டேன். அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன்குழம்பு ஊற்றி, அவசரப்படாமல் சாப்பிட்டேன். அப்புறம் மாமாவுக்கும் பிள்ளைக்கும் போட்டேன். இவர் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏ எப்சி, சோறு எங்க?"

"இல்லங்க."

"இல்லன்னா?"

"நாப்பது நாளா இல்ல."

அன்றைக்கு ஊரில் பல வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்க வேண்டும். சாயங்காலம் கோயில் மணி அடித்தது, அவசரக் கமிட்டி. பெண்கள் நாற்பது நாள் பட்டினி கிடந்தபோது வராத அற்புதம் ஆண்கள் ஒரு மத்தியானம் பட்டினி கிடந்ததும் வந்துவிட்டது, நோட்டில் எழுதப்பட்டது, வழிமொழியப்பட்டது.

கமிட்டி என்னென்ன செய்தது என்று கேளுங்கள். முதலில் அரிசிக்கடைக்காரரைக் கூப்பிட்டுத் தராசைச் சோதித்தார்கள். அப்புறம் ஆள் மாற்றி ஆள் விடாமல் ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் வைத்தார்கள், ஜெபிக்கப் போனவர் வீட்டிலும் குறைந்தது. அப்புறம் பிடியரிசியை நிறுத்தினதால்தான் என்று பழையபடி டப்பா வைக்கச் சொன்னார்கள். நான் உளுந்தை வேறு இடத்தில் கொட்டி, மறுபடியும் கழுவி, வேளைக்கு ஒரு பிடி, சில வேளை கோபத்தில் இரண்டு பிடி போட்டேன். சாக்கு சாக்காய் அரிசி சேர்ந்தது, கோழிகள் கொழுத்தன, சோறு மட்டும் அப்படியே. தூணில் இருந்த அட்டையைக் கிழித்தார்கள், பிறகு கரண்ட் பில் கட்ட வேண்டுமே என்று திரும்ப ஒட்டினார்கள். ஐயர் ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். நேரலையில் மஸ்கட்டிலிருந்து, 'ஆமென் ஐயரே, எங்கள் ரூமிலும் ஓராளுக்குக் குறைகிறது' என்று எழுதினார்கள். பெங்களூர் அடுக்குமாடியிலிருந்தும் அதுவே. செல்போனில் பார்க்கிறவர்களைச் சபையாரென்று சேர்ப்பதா வேண்டாமா என்று கமிட்டி ஈஸ்டரிலிருந்து அடித்துக்கொண்ட வழக்கு அன்றோடு தீர்ந்தது.

மாமா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். சபைப் பதிவேட்டை விரித்துவைத்து வீடு வீடாகக் குறித்துக்கொண்டு வந்தார். பதிவேட்டில் பெயர் இருக்கிற வீடெல்லாம் குறைகிறது. குளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அவர் விசாரித்தவரைக்கும் குறையவில்லை. பெந்தெகொஸ்தேக்காரர் வீட்டில் மிஞ்சுகிறது, அதை அவர்கள் மைக் வைத்துச் சாட்சி சொன்னார்கள்.

வீட்டில் முறை வைத்துப் பட்டினி கிடந்தோம். இவர் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு வந்த நாளில் மீதி மூன்று பேரில் ஒருத்தருக்கு இல்லை. யார் உட்கார்ந்தாலும் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு இல்லை, அதுதான் சட்டம். செர்லினுக்கு முறை வைக்கவில்லை, ஆகவே எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வயிறு நிறைந்தது. ஜூலை மாசம் தடுப்பூசிக்குப் போனபோது நர்சம்மா பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

"ரெண்டு மாசமா ஒரே எடைம்மா. அடுத்த மாசமும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவேன். நீ சாப்பிடுதியா இல்லியா?"

"சாப்பிடுதேன் சிஸ்டர்" என்றேன். வேறு என்ன சொல்ல, எங்கள் ஊர்க் கதையை அங்கே நின்று சொல்லவா முடியும்.

பிள்ளை வெயிலில் வீறிட்டு அழ, குளத்தங்கரை வழியாக வந்தேன். அங்கேதான் என் நாத்தனார் தபித்தாள் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிற சுடலைமுத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். மாமா தன் கையாலேயே பதிவேட்டில் மகள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார், கோயிலில் அப்பம் வாங்குகிற திருவிருந்து அவளுக்குக் கிடையாது என்று ஆனது, எங்கள் வீட்டார் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மைனி, பிள்ளைய வெயில்ல தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? உள்ள வாங்க."

போனேன். அழுகிற பிள்ளைக்குச் சண்டை சச்சரவு என்ன தெரியும். சுவரில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் அவளுடைய பழைய ஞாயிறுப் பள்ளி வசன அட்டை. பிள்ளையை வாங்கி முதுகைத் தட்டிக்கொண்டே அவள் தயங்கினாள்.

"சாப்பிடச் சொல்ல ஆசதான் மைனி. ஆனா வெக்கமா இருக்கு. ஈஸ்டருக்கு மறுநாள்ல இருந்து எங்க வீட்ல ஓராளுக்குக் கொறையுது. அவுகளுக்குப் போட்டா எனக்கு இல்ல."

உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். "ஒனக்குமா? ஒம்பேருதான் பதிவேட்டுல இல்லியேட்டி!"

"அது சோத்துக்குத் தெரியாதுல்லா மைனி" என்றாள்.

இருக்கிற பருக்கையையாவது வந்தவளுக்கு வழித்துப் போடுவோம் என்று பானையில் கரண்டியை விட்டாள். கரண்டி நிறைந்து வந்தது. மறுபடி விட்டாள், மறுபடியும் நிறைந்து வந்தது. என் தட்டு நிறைந்தது, அவள் தட்டு நிறைந்தது, நெத்திலிக் குழம்பை ஊற்றி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம், பார்த்தால் அழுதுவிடுவோம், அழுதால் சோறு இறங்காது. அதன்பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கன்னத்தில் வழிய வழியக் குடித்துவிட்டுக் குடிகாரன் போலத் தூங்கினான்.

நான் ஆராய்ச்சி பண்ணுகிறவள் இல்லை, ஆனால் அடுக்களை விஷயத்தில் எனக்கு ஒரு தடவை போதும். மறுநாள் லில்லி அக்காவை எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் இருந்தது. அந்த வீட்டில் அன்றாடம் சாப்பிடாத ஒருவர் உட்கார்ந்தால் போதும், ஒருவருக்கும் குறைவில்லை. கமிட்டிக்குச் சொன்னால் துணைக்குழு போடுவார்கள் என்று நேரே பெண்கள் சங்கத்தில் சொன்னேன். 'இன்னைக்கு யாரு வீட்ல யாரு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். மஸ்கட்டில் பக்கத்து ரூம் பாகிஸ்தான் டிரைவரைக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் காவலாளியைக் கூப்பிட்டார்கள், அதுவரை அவர் பெயரே அவர்களுக்குத் தெரியாதாம்.

பசி தீர்ந்தது, நிம்மதிதான் போயிற்று. வேளைக்கு ஒரு விருந்தாளி என்றால் சும்மாவா? ஐயர் வந்தால் ரசம் ஆறும்வரை ஜெபம் பண்ணுவார். லில்லி அக்கா வந்தால் சட்டியைக் கவிழ்த்து அடியில் கரி இருக்கிறதா என்று பார்ப்பாள். வேலித் தகராறில் ஒன்பது வருஷமாய்ப் பேசாதவர்களுக்குக் குழுவில் முறை வந்துவிடும், வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் தின்றுவிட்டு, போகும்போது "அவியல்ல தேங்கா பத்தல" என்று சுவரிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்து வீடு பெருக்கி வைக்காத பெண் ஊரில் இல்லை என்றாயிற்று. இதற்குப் பட்டினியே தேவலை என்று வாரத்தில் இரண்டு தடவையாவது நான் சொல்லியிருக்கிறேன்.

மாமா மட்டும் யார் வீட்டுக்கும் போகமாட்டேன் என்றார். "நான் என்ன சோத்து ஏனத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையுத ஆளா?" என்பார். புதன்கிழமை புதன்கிழமை நான் எங்கே சாப்பிடுகிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"அந்த வீட்ல கை நனைச்சியா?"

"நனைச்சேன் மாமா. ஒங்க பேரன் ஒரு மாசத்துல முக்காக் கிலோ ஏறிருக்கான்." நர்சம்மா கொடுத்த அட்டையை அவர் பதிவேட்டின் மேலேயே வைத்தேன்.

அவர் அதை எடுத்து, எடை எழுதியிருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். "கோயில்ல சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, விருந்தாளி வராத ராத்திரிகளில் தனக்குப் பசியில்லை என்று படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். சட்டைக் கழுத்து அவருக்குத் தொளதொளவென்று ஆனது. கேட்டால் எரிந்து விழுவார்.

வீடுகள் சமாளித்துக்கொண்டன, கோயில்தான் சமாளிக்கவில்லை. திருவிருந்திலும் ஓர் அப்பம் குறைந்தது. பத்து அதிகமாக வைத்தாலும் கடைசி ஆளுக்கு இல்லை. எங்கள் கோயிலில் முதலில் ஆண்கள், அப்புறம் பெண்கள் என்பது வழக்கம், ஆகவே கடைசி ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சேலை கட்டி முக்காடு போட்டுக்கொண்டு, கர்த்தருடைய பந்திக்கு பஸ்சில் இடம் பிடிக்கிற மாதிரி முண்டினோம். வெட்கக்கேடு. இங்கேயும் ஒரு விருந்தாளி வேண்டும் என்று ஐயரம்மா எடுத்துச் சொன்னார்கள். கமிட்டி நாலு தடவை கூடி, வருகிற விருந்தாளி வேறொரு சபையில் நற்சாட்சி பெற்றவராகவும், அதற்குச் சான்றிதழ் கொண்டுவருகிறவராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணியது. அப்படி ஒருவரை டை கட்டி அழைத்துவந்தார்கள். அன்றைக்கும் கடைசிப் பெண்ணுக்கு இல்லை; எந்தப் பந்தியிலும் இடம் உள்ளவர் எங்கள் பந்திக்கு விருந்தாளியாவாரா?

பசி தீரட்டும் என்று தள்ளிப்போட்ட என் மகனின் ஞானஸ்நானத்தை டிசம்பர் முதல் ஞாயிறு வைத்தோம். காலேப் என்று பெயர் வைத்து ஐயர் தலையில் தண்ணீர் ஊற்றினார், அவன் ஐயர் கண்ணாடியைப் பிடுங்கினான், எல்லாம் நன்றாக முடிந்தது. அதையடுத்துத் திருவிருந்து. பிள்ளை சிணுங்கினான், அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டு வருவதற்குள் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். நான் கடைசி ஆளாக முழங்காலில் நின்றேன். ஐயர் என் முன்னால் வந்து தட்டைப் பார்த்தார். தட்டு பளபளவென்று இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வீட்டில் பசித்தபோது பால் வற்றியது, இங்கே பசித்தால் உள்ளே என்ன வற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை.

தபித்தாள் மருமகனின் ஞானஸ்நானத்தைப் பார்க்க வந்து, கடைசியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி, பீடத்துக்கு முதுகைக் காட்டி, நேரலைக் கேமராவுக்கு முகத்தைக் காட்டி, "ஏ தபி, எந்திச்சு வா" என்றேன்.

பாட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். தபித்தாள் எழுந்தாள், ஆனால் நகரவில்லை, முன்வரிசையில் இருந்த அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா எழுந்தார். சட்டம் பேசப்போகிறார் என்று ஐயரே தட்டைத் தாழ்த்திக்கொண்டார். மாமா திரும்பி, கமிட்டியில் கத்துகிற அதே குரலில் கத்தினார்.

"ஏட்டி, மைனி கூப்பிடுதாள்லா? அவ எம்புட்டு நேரம் பிள்ளையோட முட்டங்கால்ல நிப்பா?"

அவள் ஓடிவந்தாள். என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். ஐயர் தட்டில் கை வைத்தார், இரண்டு அப்பம் இருந்தது, கொடுத்தார். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, பாட்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் நின்றபோது மாமா தபித்தாளுக்குக் கிட்டே போனார். நாலு வருஷம் கழித்து மகளிடம் ஒரு தகப்பன் நேருக்கு நேர் பேசப்போகிற முதல் வார்த்தை. கண்ணைத் துடைக்கத் தலைப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னைக்கு ஒங்க வீட்ல என்ன கொழம்பு?" என்றார்.

"அவுக மலைக்கு மாலை போட்டிருக்காகப்பா. சாம்பாரும் அவரக்காயும்தான்."

"காயம் போட்டியா?"

"போட்டேன்."

"நட" என்று குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டார். எங்கள் வீட்டிலோ ஞானஸ்நான விருந்துக்கு, அந்த மனுஷனுக்காகவே நெஞ்செலும்பு போட்டு எட்டுக் கிலோ ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

அதோடு விட்டாரா? பந்தி போட ஆரம்பிக்கிற நேரம், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக சுடலைமுத்து எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். கறி மணம் தெருமுனைவரைக்கும் போயிருந்தது. நடையேறாமல், மூச்சையும் விடாமல், மரியாதையாக நின்றார்.

"அக்கா, மாமா அனுப்பிவிட்டாக. அவுக எங்க வீட்டுக்கு வந்ததால நான் இங்க வரணுமாம், அதுதான் மொறையாம்."

வீடு முழுக்க ஐம்பது விருந்தாளி இருக்கும்போது என்ன முறை வேண்டிக்கிடக்கிறது, நீங்களே சொல்லுங்கள். மாலை போட்டவரைத் திருப்பி அனுப்பலாமா? "வாங்க சாமி, வேப்பமரத்தடியில நாற்காலி போடுதேன், அங்க கறி வாசன வராது. புதுப்பானையில சோறு பொங்கி ஒரு ரசம் வச்சுத் தாரேன், போதுமா?" என்றேன்.

"போதும்க்கா." துளசி மாலையைச் சரிசெய்துகொண்டார். "வெங்காயம், பூண்டு மட்டும் வேண்டாம்."

பூண்டில்லாமல் ரசமா? என் வாழ்நாளில் வைத்ததில்லை. புதுப்பானையை இடுப்பில் ஒரு பக்கமும் காலேபை மறுபக்கமும் இடுக்கிக்கொண்டு, கறிக்காகக் காத்திருந்த அத்தனை சபையாரையும் பார்த்து, "பூண்டு போடாம ரசம் வைக்கத் தெரிஞ்சவுக யாராவது இந்தக் கூட்டத்துல உண்டுமா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஐயரம்மா கையைத் தூக்கினார்கள்.